தகரம் என்று சொன்ன காயம்

என் இடது காலைக் கடித்தது ஒரு சுறா.

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் நான் சொல்லிவைத்த வேறு கதையை மூன்று டாக்டர்கள் தங்கள் கைப்பட எழுதி, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்திவிட்டார்கள். ஃபைலில் ஒன்றை ஏற்றுவது எப்படி என்று இருபது வருஷ சர்க்கார் உத்தியோகத்தில் நன்றாகக் கற்றிருந்தேன். ஏற்றியதை இறக்குவதுதான் எனக்கு வரவில்லை.

இதை எழுதுகிற புதன்கிழமை, கால் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கட்டுப் போட்டு, தலையணைமேல் தூக்கி வைத்து, போர்வைக்கு வெளியே விரல்கள் மட்டும் தெரிகின்றன. விரல்களை அசைக்கச் சொன்னால் பெருவிரல் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு அசைகிறது. யாராவது ஒருத்தர் இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். எனக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் பதினைந்து வருஷமாகக் குடியிருப்பு. மனைவி உமா, மோதி பாக்கில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் ஸ்ருதி ஏழாவது படிக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் என்னை அந்தமானுக்கு மாற்றினார்கள். ஸ்ருதியின் படிப்புக்காக அவர்கள் இருவரும் டெல்லியிலேயே தங்கினார்கள். நான் மட்டும் இரண்டு பெட்டியோடு போனேன்.

அங்கே எங்கள் ஆபீஸ் ஜீப் ஓட்டுகிறவர் பால்ராஜ். தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பாவப்பட்டுக் கடலுக்குக் கூட்டிப் போனார். கண்ணுக்கும் மூக்கிற்கும் கண்ணாடி, காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பு, கையில் ரப்பரை இழுத்து மாட்டிச் சுடுகிற ஈட்டித் துப்பாக்கி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே போய், பாறை ஓரத்தில் அசையாமல் காத்திருந்து, மீன் பக்கத்தில் வந்ததும் ஈட்டியை விட வேண்டும். டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஐஸில் கிடக்கிற மீனை மூக்கைப் பொத்திக்கொண்டு பேரம் பேசியே பழகிய எனக்கு, நாற்பத்தைந்தாவது வயதில் நன்றாக வந்த ஒரே காரியம் இதுதான். தண்ணீருக்கடியில் எனக்கு யாரும் ஃபைல் அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்து நாட்களுக்குப் பிறகு நான் சந்தோஷமாக இருந்தது அங்கேதான். அதை மறைக்க மாட்டேன்.

சுறா உண்டா என்று முதல் நாளே கேட்டேன். "உண்டு சார். நாம அதோட வீட்டுக்குல்ல போறோம்," என்றார் பால்ராஜ். சும்மா நீந்துகிறவனைச் சுறா பெரும்பாலும் சட்டை செய்வதில்லை. ஈட்டிக்காரன் கதை வேறு. குத்துப்பட்ட மீன் துடிக்கும். அந்தத் துடிப்பு தண்ணீரில் வெகுதூரம் போகும், கூடவே ரத்தமும் போகும். சுறாவுக்கு அது சாப்பாட்டு மணி. ஆகவே சில விதிகள். தனியாகப் போகக் கூடாது. கலங்கின தண்ணீரிலும் பொழுது சாய்கிற நேரத்திலும் இறங்கக் கூடாது. சுறா வந்துவிட்டால் முதுகைக் காட்டி ஓடக் கூடாது, அதைப் பார்த்தபடியே பின்வாங்கி மீனை அதற்கு விட்டுக்கொடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குத்திய மீனை உடனே படகில் போட வேண்டும். இடுப்பில் கட்டிக்கொள்ளவே கூடாது.

இவ்வளவையும் நான் ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன். கீழே கையெழுத்து ஒன்றுதான் போடவில்லை.

ஒருநாள் துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. பால்ராஜின் சின்ன கேமராவில் அது பதிவாகியிருந்தது. கெட்ட நேரம், பெருமை தாங்காமல் அதை உமாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் வீடியோ கால் வந்தது.

"இது என்னது?" என்றாள்.

"சின்னது உமா. ஒண்ணும் பண்ணாது. டெல்லியில ரிங் ரோட்டைத் தாண்டுறதைவிட இது சேஃப்."

"ரிங் ரோட்டை யாரும் பொழுதுபோக்குக்குத் தாண்டலை. இனிமே கடல்ல எறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. ஏட்டி ஸ்ருதி, இங்க வா."

ஸ்ருதியை இழுத்து நிறுத்தி, அவள் உச்சந்தலைக்கு நேராக போனைப் பிடித்தாள். திரை முழுக்க என் மகளின் வகிடு. "கைய வைங்க. அவ தலையில அடிச்சுச் சொல்லுங்க." ஸ்ருதி குனிந்தபடியே, "அப்பா, ஜல்தி. கழுத்து வலிக்குது," என்றாள். நான் திரைமேல் உள்ளங்கையை வைத்துச் சத்தியம் செய்தேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை தலையில் அடித்துச் செய்கிற சத்தியம் விளையாட்டில்லை. மீறினால் மீறினவனை ஒன்றும் செய்யாது. அது அந்தப் பிள்ளையின்மேல் போய் விழும். ஆகவேதான் திருட்டுக் கேஸில் மாட்டினவன்கூட அந்தச் சத்தியத்துக்குத் தயங்குவான். உமா கணக்கு டீச்சர், எதற்கும் நிரூபணம் கேட்கிறவள். இந்த ஒன்றுக்கு மட்டும் கேட்க மாட்டாள்.

இரண்டு மாதம் கடல் பக்கம் போகவில்லை. மூன்றாம் மாதம் என் மூளை ஒரு குறிப்பு எழுத ஆரம்பித்தது. கை பட்டது கண்ணாடியில், தலையில் இல்லை. நடுவில் கடலும் பாதி தேசமும் கிடக்கின்றன. ஆகவே மேற்படி சத்தியம் விதிப்படி செல்லாது. இப்படி ஒரு குறிப்பை ஆபீஸில் யாராவது எனக்கு அனுப்பியிருந்தால் விளாசித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பால்ராஜ் வர மறுத்துவிட்டார். அன்றைக்குப் போன் பேசும்போது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். "பாப்பா தலையில சத்தியம் பண்ணிட்டீங்க சார். என் படகுல ஏத்த மாட்டேன்," என்றார். அதனால் நான் தனியாகப் போனேன். படகு இல்லை. படகு இல்லாததால் குத்திய மீனைப் போட இடமில்லை. அதனால் இடுப்பில் கட்டிக்கொண்டேன். நல்ல எடையுள்ள ஒரு களவா மீன். என் நோட்டில் இருந்த விதிகளில் முக்கியமான இரண்டை ஒரே காலையில் உடைத்தேன்.

வந்ததை நான் பார்க்கவில்லை. கரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தேன், முதுகு கடலுக்கு. யாரோ காலைப் பிடித்து இழுத்து உதறிவிட்ட மாதிரி இருந்தது. வலி இல்லை, இழுப்பு மட்டும்தான். திரும்பினால் என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான சாம்பல் நிற உடம்பு ஒன்று வளைந்து போயிற்று. இடுப்பில் மீன் இல்லை, கயிறு மட்டும் மிதந்தது. மீனுக்கு வந்தது, என் கெண்டைக்கால் நடுவில் இருந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு அதன்மேல் இன்றுவரை கோபம் வரவில்லை.

தவழ்ந்து கரையேறி, துப்பாக்கி ரப்பரால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டோரம் கிடந்தேன். ஒரு தேங்காய் லாரி ஏற்றிப் போயிற்று. சின்ன சுகாதார நிலையம். கழுவி, தையல் போட்டார்கள். அங்கிருந்த டாக்டர் அவசரத்தில், "ஆழமான கிழிந்த காயம், இடது கெண்டைக்கால்" என்று மட்டும் எழுதி, எதனால் என்கிற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. பைக்கிலிருந்து தகர வேலிமேல் விழுந்துவிட்டதாக உமாவுக்குப் போனில் சொன்னேன். பால்ராஜிடம் வாயைத் திறக்காதீர்கள் என்று கெஞ்சினேன். "எனக்கென்ன சார்," என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

லீவு போட்டு டெல்லி வந்தேன். தையல் பிரித்தார்கள், தோல் மூடியது. தப்பித்தேன் என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் கழித்துத் தழும்பைச் சுற்றி மூன்று கட்டிகள். முதலில் சிவப்பு, பிறகு ஊதா. வலி அதிகமில்லை. ஒன்று உடைந்து தண்ணீர் மாதிரி கசிந்தது, நிற்கவே இல்லை. டிஸ்பென்சரியில் மாத்திரை மேல் மாத்திரையாக மாற்றிப் பார்த்துவிட்டு, தெற்கு டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே காத்திருப்பதே ஒரு முழுநேர வேலை. காலை ஏழு மணிக்கு டோக்கன், பதினொன்றுக்கு எலும்பு டாக்டர், அவர் எழுதித் தருகிற எக்ஸ்ரேவுக்கு இன்னொரு வரிசை. மூடுபனிக் காலம். வெளியே மரத்தடியில் பீகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் வந்த நோயாளிகளின் சொந்தக்காரர்கள் ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடப்பார்கள். உமா அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஒரு கையில் ஃபைலும் மறு கையில் என் முழங்கையுமாக நிற்பாள். அவள் ஹிந்தி என் ஹிந்தியைவிட எவ்வளவோ மேல். அதனால் டாக்டர்கள் என்னிடம் கேட்பதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். "டீன், டீன் ஸே கட் கயா," தகரம் வெட்டிவிட்டது என்று ஒவ்வொரு மேஜையிலும் சொன்னாள். சத்தியமாக நம்பிச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

எக்ஸ்ரேயில் எலும்பை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு தெரிந்தது. "தகரத் துண்டு உள்ளேயே இருக்கிறது," என்றார் டாக்டர். அது தகரமில்லை, பல் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அது பெரிய காந்தக் குழாய், உடம்புக்குள் இரும்பு இருந்தால் இழுத்துவிடும். அங்கிருந்த டெக்னீஷியன் ஃபைலைப் பார்த்துவிட்டு, உள்ளே உலோகம் இருப்பதாக எழுதியிருக்கிறதே, எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பினார். இல்லாத தகரத்துக்காக அந்தப் பரிசோதனை தள்ளிப்போயிற்று. உமா அவரோடு சண்டை போட்டாள். நான் சண்டையைச் சமாதானம் செய்தேன்.

கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி இரண்டு இடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்று, திசுவைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிற பயாப்ஸி. இன்னொன்று கல்ச்சர். கிருமிக்குப் பிடித்த சாப்பாட்டைத் தட்டில் பரப்பி, அதன்மேல் சீழைத் தடவி, நம் உடம்புச் சூட்டிலேயே வைத்து, எது முளைக்கிறது என்று பார்ப்பார்கள். பயாப்ஸியில் காசநோய்க்கு வருகிற மாதிரி அடையாளம் இருந்தது. கல்ச்சரில் ஒன்றுமே முளைக்கவில்லை. நம் நாட்டில் இப்படி வந்தால் எந்த டாக்டரும் என்ன நினைப்பாரோ அதைத்தான் அவர்களும் நினைத்தார்கள். எலும்புக் காசநோய் என்று மருந்து ஆரம்பித்தார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. அதுதான் மருந்து வேலை செய்கிற அறிகுறி என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கால் கேட்கவில்லை. புதுக் கட்டிகள் கணுக்கால் வரை இறங்கின. நடக்கும்போது எலும்புக்குள் யாரோ உளியால் தட்டுகிற மாதிரி வலி. ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டார்கள். உமா பள்ளிக்கூடம் முடிந்து மூன்று பஸ் மாறி வருவாள். டப்பாவில் ரசம் சாதம், ஐ.என்.ஏ.யில் தேடிப் பிடித்த சுண்டவத்தல். "வாய் கசக்குன்னு சொன்னியள்லா," என்பாள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஃபைலைப் புரட்டி, எண்களைத் தனி நோட்டில் எழுதிக்கொள்வாள். டாக்டருக்கே தெரியாத ஏதோ ஒன்று அந்த எண்களில் இருப்பதாக அவளுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நோட்டைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சொன்னால் ஸ்ருதியைப் பார்க்கிற உமாவின் கண் மாறிவிடும். அந்தப் பயத்தில் விழுங்கிவிடுவேன். கால்தானே, எப்படியும் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கட்டு மாற்றுகிறவர் ஜெஸ்ஸி சிஸ்டர். கொல்லம் பக்கத்துக் கடற்கரைக்காரர். டெல்லி வந்து பத்து வருஷம். எங்கள் தமிழுக்கும் அவருடைய மலையாளத்துக்கும் நடுவில் ஒரு பாஷையில் பேசிக்கொள்வோம். ஒருநாள் காலையில் கட்டைப் பிரித்துவிட்டு வெகுநேரம் குனிந்து பார்த்தார். புண்ணை இல்லை. புண் வராத வெளிப்பக்கத்தை. அங்கே பழைய தழும்பில் வளைவாக ஏழெட்டுப் புள்ளிகள்.

"சாரே, இது தகரமா?"

"ஆமா சிஸ்டர்."

"தகரம் இப்படிப் புள்ளி வச்சுக் கிழிக்குமா? என்டெ அப்பச்சன் கடல்ல போன ஆளு. இங்க பாரு," தன் முழங்கையைத் தொட்டுக் காட்டினார், "அப்பச்சனுக்கு இங்க இதே மாதிரி. இது பல்லாணு, பல்லு."

அவர் புது பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டே குரலை உயர்த்தாமல் சொன்னார். "நாளைக்கு ரவுண்ட்ஸ் வரும்போது சார் சொல்லணும். இல்லெங்கில் ஞான் சொல்லும். எனக்கு வேற வழி இல்லா."

மறுநாள் ரவுண்ட்ஸ் நேரத்துக்கு, லீவு போட்டுவிட்டு வந்திருந்த உமாவைக் கீழே மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு டாக்டரிடம் சொன்னேன். கடல், ஈட்டி, மீன், பல், எல்லாம். அவர் நடுவயது சர்தார்ஜி. கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி, மறுபடி திறந்தார். கேஸ் ஷீட்டை முதல் பக்கம் வரை திருப்பி, தகரம் என்று இருந்த ஒவ்வொரு இடத்திலும் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். எத்தனை இடம் என்று நான் எண்ணவில்லை. நிமிர்ந்தால், மருந்துச் சீட்டோடு உமா திரைச்சீலை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். சீட்டில் டாக்டர் கையெழுத்து விட்டுப்போயிருந்தது, வாங்கிப் போகத் திரும்பி வந்திருக்கிறாள்.

டாக்டர் போனதும் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அன்னைக்குக் கை வச்சியளே," என்றாள். "அது என்னாச்சு?"

"உமா, அது போன்மேலதானே..." என்று ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"போன்மேல," என்றாள். "அச்சா." எழுந்து டப்பாவைக் கழுவப் போனாள்.

அந்தக் கிருமியைப் பற்றி டாக்டர் பிறகு பொறுமையாகச் சொன்னார். காசநோய்க் கிருமிக்கு அது தூரத்துச் சொந்தம். கடல் தண்ணீரிலும் மீன் உடம்பிலும் குடியிருப்பது. நம் உடம்புச் சூடு அதற்கு ஆகாது, கொஞ்சம் குளிர்ந்த இடம் வேண்டும். கை காலில்தான் பெரும்பாலும் வரும். அதனால்தான் வழக்கமான சூட்டில் வைத்த தட்டில் முளைக்கவில்லை. மீன், கடல் என்று ஒரு வார்த்தை சீட்டில் இருந்திருந்தால் லேபில் தட்டைக் குளிர்ச்சியான இடத்திலும் வைத்திருப்பார்கள். காசநோய் மருந்து இந்த வகைக்குச் சரியாகக் கேட்காது. இத்தனை மாதமும் நான் விழுங்கியது அதைத்தான்.

காலைத் திறந்து, எக்ஸ்ரேயில் தெரிந்த பொட்டை எடுத்தார்கள். அரிசி மணி அளவில் வெள்ளையாக ஒரு பல் நுனி. சின்ன பாட்டிலில் போட்டுக் காட்டினார்கள். இந்த முறை தட்டைக் குளிரில் வைத்தார்கள், முளைத்தது. ஊசி மருந்து மாற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. பிறகு ஒரு மருந்து சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்று நிறுத்தினார்கள். இன்னொன்றில் காதுக்குள் ஓயாமல் ரீங்காரம், அதையும் நிறுத்தினார்கள். மிச்சம் இருந்த மருந்துக்குக் கிருமி பயப்படவில்லை. கணுக்கால் மூட்டு கரைந்துகொண்டிருந்தது.

உமா என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரம் தவறாமல் வந்தது, சுண்டவத்தலும் வந்தது. அவள் பயமெல்லாம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஸ்ருதியை ஸ்கூல் பஸ்ஸில் அனுப்புவதை நிறுத்தினாள். மாடிப்படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ருதி தும்மினால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போன வாரம் ஸ்ருதிக்கு இரண்டு நாள் காய்ச்சல், கூடவே தலைவலி. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல்தான், மாத்திரையில் இறங்கிவிட்டது. ஆனால் தலைவலி என்று அவள் சொன்ன நேரத்தில் உமாவுக்கு நடுக்கம் வந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மா போனில் சொன்னார். நான் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தேன். இந்த ஆஸ்பத்திரியில் நான் அழுதது அன்றைக்குத்தான்.

நேற்றுக் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கிருமி மேலே ஏறுகிறது, முழங்காலைக் காப்பாற்ற வேண்டுமானால் அதற்குக் கீழே எடுத்துவிட வேண்டும், வெள்ளிக்கிழமை காலை முதல் கேஸ் என்றார். வீட்டில் சொல்ல நான் வரட்டுமா என்று கேட்டார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். உமாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை, கோயிலுக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். ஸ்ருதி குளிர் குல்லாய் போட்டிருந்தாள். அவள் சாதாரணமாகப் போட மாட்டாள், பின்னல் கலையும் என்று சண்டை பிடிப்பாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்று குல்லாயைக் கழற்றினாள்.

மொட்டை. காய்ந்த சந்தனம் மஞ்சளாக ஒட்டியிருந்தது. காதுக்கு மேலே பிளேடு பட்ட சின்னக் கீறல்.

"அம்மா சொல்லல," என்றாள் முந்திக்கொண்டு. "மைனே ஹீ போலா. நான்தான் சொன்னேன். மார்க்கெட் சலூன்ல எடுத்துட்டு மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனோம்."

உமா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "நான் வேணாம்னுதான் சொன்னேன். உங்களுக்காக வேண்டிக்கிட்டாளாம். சத்தியமும் கழிஞ்சிரும், அப்பா காலும் சரியாயிரும்னு சொல்லுதா. பிடிவாதமா நிக்கா." நாலு வாரத்தில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான். அவள் முகத்திலும் ஏதோ ஒரு தெளிவு வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"ஸ்கூல்ல சிரிப்பாங்களேம்மா," என்றேன் ஸ்ருதியிடம்.

"ஹஸ்னே தோ. சிரிக்கட்டும்." தலையைக் குனிந்து என் பக்கம் நீட்டினாள். "அன்னிக்குப் போன்மேல வச்சே. இப்போ நெஜமா வை."

வைத்தேன். சொரசொரப்பாக, சூடாக இருந்தது. சின்னக் குழந்தையாக இருந்தபோது உச்சிக்குழி துடித்த இடம் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது.

"இப்போ சொல்லு. கால் டீக் ஹோ ஜாயேகா நா? சரியாயிடும்தானே?"

கையை எடுத்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. இருபது வருஷத்து சர்க்கார் மூளை. உமா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ருதி குனிந்தே நின்றாள், இந்த முறை கழுத்து வலிக்கிறது என்று சொல்லவில்லை.

கையை எடுக்காமல் சொன்னேன். "இல்லம்மா. வெள்ளிக்கிழமை எடுத்துடுவாங்க."